மாறிய பலகையும் மாறாத பெயரும்

ஒரு பொருளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அது வேறு பொருளாகிறது? கிரேக்க அறிஞர்கள் ஒரு பழங்கப்பலைக் காட்டி இவ்வினாவை விசாரித்தனர். நான் இங்கே காட்ட விரும்புவது ஒரு பழைய ஆம்பிளிபயரை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலிருந்த டைனாகோ நிறுவனம் 1959-ஆம் ஆண்டில் 'ஸ்டீரியோ 70' என்னும் வால்வு ஆம்பிளிபயரை வெளியிட்டது. பக்கத்திற்கு 35 வாட் ஆற்றலுடையது. நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான டேவிட் ஹாஃப்லர், நல்ல ஒலி செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்று கருதியவர். பலர் அதனை உதிரி உறுப்புகள் அடங்கிய பெட்டியாகக் குறைந்த விலைக்கு வாங்கி, விளக்கநூலைப் பார்த்துத் தம் வீட்டு மேசைமீதே பற்றவைத்துச் சேர்த்தனர். நுட்பமான பகுதியை மட்டும் நிறுவனமே ஒரு மின்சுற்றுப் பலகையில் அமைத்து அளித்தது.

இன்று முதலில் பழுதாவது அப்பலகையே. வால்வுகளின் சூடு பல்லாண்டு பட்டுப் பலகை கருகுகிறது, செம்புத் தடங்கள் பெயர்ந்து எழும்புகின்றன, கண்டென்சர்கள் கசிகின்றன. அதில் நிற்கும் 7199 என்னும் வால்வும் இப்போது எளிதிற் கிடைப்பதில்லை. ஆகவே வேறு வால்வுகளுக்கு ஏற்பச் சுற்றையே புதிதாக வகுத்து, அதே துளைகளிற் பொருந்துமாறு பலகை செய்து பூட்டுகின்றனர்.

சிலர் இன்னும் ஒன்றைத் திருத்துகின்றனர். மூல அமைப்பில், ஒரு பக்கத்து இ.எல்.34 வால்வுகள் இரண்டிற்கும் சேர்த்து ஒரே திருகுதான். பொதுவான 15.6 ஓம் ரெசிஸ்டரில் 1.56 வோல்ட் காட்டினால், இரண்டின் வழியும் சேர்ந்து 100 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று பொருள். ஒன்று 60 சுமக்க மற்றது 40 சுமந்தாலும் மீட்டர் அதைச் சொல்லாது. இரு மாணவர் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து இருவரும் தேறினர் என்னும் ஆசிரியரை இது நினைவூட்டுகிறது! வால்வுக்கு ஒரு திருகு அமைப்பதைக் குற்றம் என்று எவ்வாறு சொல்வது?

ஆயினும் மறுப்போர் உளர். கருகிய பலகையைத் துடைத்து, பழுதான உறுப்பை மட்டும் மாற்றி, ஹாஃப்லரின் சுற்றைச் சுற்றாகவே காக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதனை வெறும் பழமைப்பற்று என்று தள்ளிவிட முடியாது. சுற்று மாறினால் ஒலியும் மாறும். நாம் கேட்பது 1959-இன் குரலன்று, இன்றைய ஒருவரின் குரல். மிகத் தெளிவாகவே இருக்கலாம். ஆனால் அது அக்குரல் அன்று.

என் கருத்து புதிய பலகையின் பக்கமே சாய்கிறது. செய்தவரே பயனாளியின் கையில் சூட்டுக்கோலைக் கொடுத்துத் திறக்கச் சொன்ன கருவி இது. அதன் பெருமைக்குரிய வெளியீட்டு டிரான்ஸ்பார்மர்களும் அடித்தட்டும் பழையனவாகவே நிற்கின்றன. பேசாமல் அலமாரியில் இருப்பதைவிட மாறிய உறுப்போடு பாடுவது மேல்.

சிக்கல் எழுவது கருவி கைமாறும்போது. விற்பவர் ஒரு பொய்யும் சொல்ல வேண்டுவதில்லை. 'ஸ்டீரியோ 70, நல்ல நிலையில்' என்று சொல்லிவிட்டு வாளாவிருந்தால் போதும். வாங்குபவர் மூடியைத் திருப்பிப் பார்க்க மாட்டார். இவ்வாறு மௌனத்தினால் உண்டாகும் ஏமாற்றத்தை வாய்மையின் வரம்புக்குள் அடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சுவடி பதிப்பித்த நல்லாசிரியர்கள் மூலத்தில் ஒரு சொல்லைத் திருத்தினாலும், சுவடியிற் கண்ட பாடத்தை அடிக்குறிப்பிற் காட்டினர். எது மூலம், எது தம் கை என்று படிப்பவர் அறிய வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

கருவிக்கும் அத்தகைய குறிப்பு ஒன்று போதும். எந்த ஆண்டில், எந்தச் சுற்று, எந்த வால்வு என மூன்று வரி எழுதி, அடித்தட்டின் உட்புறம் சூடு தாக்காத இடத்தில் ஒட்டலாம். கழற்றிய பழைய பலகையை எறிந்துவிடாமல் உறையிலிட்டு உடன் கொடுக்கலாம். வாங்குபவர் அதனை மீண்டும் பூட்டுவாரா, குப்பையிற் போடுவாரா என்பது அவர் விருப்பம்.