காகிதமும் சாட்சியமே

தொழுகையில் ஒரு சுன்னத் விடுபட்டுவிட்டால் மனம் வருந்துவோர் நம்மில் பலர் உள்ளனர். உளூச் செய்யும்போது ஒரு சொட்டு நீர் தொண்டையில் இறங்கிவிட்டதோ, நோன்பு முறிந்துவிட்டதோ என ஐயுற்று ஆலிம்களைத் தேடிச் சென்று மஸ்அலா கேட்போரும் உண்டு. ஆனால் சர்க்கார் காகிதமொன்றில் பிறந்த தேதியை மாற்றி எழுதும்போது, அல்லது நடந்த நிகாஹை நடக்கவில்லை என்று நிரப்பும்போது, "இது கூடுமா, கூடாதா?" என்று கேட்போர் அரிதிலும் அரிது. இபாதத் ஆகிரத்தைச் சேர்ந்தது, காகிதம் துன்யாவைச் சேர்ந்தது என்று நாமாகவே நடுவில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றோம். அந்தக் கோட்டை நம் மார்க்கம் போட்டதா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

இன்று எத்தனையோ வீடுகளில் மகன் அமெரிக்காவில் இருக்கின்றான். தாய் தந்தையரை அழைத்துக்கொள்ள மனுச் செய்கின்றான். கணவன் அங்கே, மனைவி இங்கே. அண்ணன் அந்நாட்டுக் குடிமகனாகித் தம்பிக்காக மனுப் போட்டிருக்கின்றார். அந்த வகையில் நம் நாட்டவர் 15 ஆண்டுகளுக்கு மேலும் காத்துக் கிடக்கின்றனர். முறை வந்ததும் காகிதங்களைத் திரட்டும் வேலை தொடங்குகின்றது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், போலீஸ் சான்று, புகைப்படம், அழைப்பவரின் வருமானக் கணக்கு, அவர் தரும் பொறுப்புப் பத்திரம், தூதரகம் குறிப்பிட்ட மருத்துவரின் பரிசோதனை என்று பட்டியல் நீளுகின்றது. பிரதிகளை முன்கூட்டியே தேசிய விசா மையத்திற்கு அனுப்பிய பின், மூலப் பத்திரங்களுடன் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். நம் பகுதி மக்களுக்குப் பெரும்பாலும் அது மும்பையில் நடைபெறுகின்றது. அங்கே அதிகாரியின் முன் நின்று, "நான் எழுதியிருப்பதும் சொல்லப்போவதும் உண்மையே" என்று உறுதிமொழி கூறிய பின்னரே கேள்விகள் தொடங்குகின்றன.

அந்த உறுதிமொழியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது வெறும் சடங்கா? இல்லை, அது ஷஹாதத், சாட்சியம்!

எழுத்துக்கு மார்க்கம் தந்த மதிப்பு

திருமறையில் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால், சிறு பிள்ளைகளும் "அல்பகரா சூராவின் 282-ஆவது வசனம்" என்று கூறிவிடுவார்கள். அது எதனைப் பற்றியது? தொழுகையைப் பற்றியோ ஹஜ்ஜைப் பற்றியோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவன் நீதமாக எழுத வேண்டும், சாட்சிகள் அழைக்கப்பட்டால் மறுக்கலாகாது, சிறிதோ பெரிதோ எழுதுவதற்குச் சலிப்படையலாகாது என்றெல்லாம் அதில் விதிக்கப்பட்டிருக்கின்றது. காகிதத்தைத் துன்யா என்று ஒதுக்கியிருந்தால் இத்துணை நீண்ட கட்டளை எதற்கு?

பெரும் பாவங்களை எண்ணிக் கூறுகையில், இணை வைத்தலையும் பெற்றோரை நோவினை செய்தலையும் சாய்ந்திருந்தவாறே கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைக் கூறும்போது எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணுமளவுக்கு அதனைத் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். பெற்றோரை உடன் வைத்துப் பேண வேண்டும் என்பதற்காகவே பொய்ப் பத்திரம் தயாரிக்கிறவர், ஒரு பெரும் பாவத்தைத் தவிர்க்க அடுத்த பெரும் பாவத்தில் கால் வைக்கின்றார் அல்லவா?

"அது நம்மவர் நாடல்லவே, அவர்களிடம் சொன்னால் என்ன?" என்று வாதிப்போரும் உளர். அவர்கள் ஹுதைபிய்யாவை நினைவு கூரட்டும். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டில் (கி.பி. 628) மக்கத்துக் குறைஷிகளுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, அண்ணலாரின் பெயருடன் இறைத்தூதர் என்று எழுதுவதனை எதிர்த் தரப்பாரான ஸுஹைல் ஏற்கவில்லை. இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் விதமாக, தந்தையின் பெயருடன் தம் பெயரை எழுதும்படி அண்ணலார் பணித்தார்கள். அவ்வேளையில் அதே ஸுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) அவர்கள் விலங்கு பூட்டிய கால்களுடன் முஸ்லிம்களிடம் அடைக்கலம் தேடி வந்தார்கள். ஒப்பந்தத்தின் நிபந்தனைக்காக அவர்களையும் கண்ணீருடன் திருப்பி அனுப்ப நேர்ந்தது. போர் தொடுத்த பகைவரிடம் கொடுத்த சொல்லுக்கே இந்த மதிப்பென்றால், நாமாகக் கதவைத் தட்டி, "எங்களை உள்ளே விடுங்கள்" என்று கேட்கும் நாட்டாரிடம் கொடுக்கும் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு வேண்டும்!

தயாரிப்பு வேறு, புனைவு வேறு

இதனால் காகித வேலையில் முன்னேற்பாடே கூடாது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். உள்ள உண்மையை மற்றவர் விளங்கும்படி ஒழுங்குபடுத்துவது தயாரிப்பு. இல்லாததை உண்டாக்குவது புனைவு. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். ஒரே முஹம்மது, பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும், நிகாஹ் தஃப்தரில் மற்றொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் வெறும் இனிஷியலாகவும், மற்றோரிடத்தில் குடும்பப் பெயராகவும் நிற்கும். "இவை யாவும் என் பெயரே" என்று பிரமாணப் பத்திரம் கொடுப்பதும், பிழையுள்ள சான்றிதழை உரிய அலுவலகத்தில் திருத்திக்கொள்வதும் உண்மைக்குச் செய்யும் பணியாகும்.

பிறந்த தேதியும் அப்படியே. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த நம் பெரியவர்கள் பலருக்குப் பதிவே இல்லை. அத்தகையோர் பதிவில்லை என்ற சான்றும், பள்ளிச் சான்றிதழும், விவரம் அறிந்த உறவினரின் பிரமாணப் பத்திரமும் காட்டலாம். வாசல் திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிப்பானேன்? பள்ளியில் சேர்க்கும்போது வயது போதாதென்று ஜூன் மாதத்தில் ஒரு தேதியைச் சொல்லி எழுதிவிட்ட வழக்கம் நம் ஊர்களில் எங்கும் இருந்தது. அதனால் இரு காகிதங்கள் முரண்பட்டால், நடந்ததை நடந்தபடி விளக்குவதே நேர் வழி. ஒன்றைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஒன்று வாங்குவது நேர் வழியன்று.

வளைகுடாவில் பணி புரிந்தவர்களிடம் வேறொரு சபலம் தோன்றுவதுண்டு. 16 வயதுக்குப் பின் வேறொரு நாட்டில் ஓராண்டோ அதற்கு மேலோ வசித்திருந்தால் அந்நாட்டுப் போலீஸ் சான்றும் வேண்டும். அதைப் பெறும் அலைச்சலுக்கு அஞ்சி, அங்கே இருந்ததையே எழுதாமல் விடுகிறார்கள். அலைச்சல் பாவமாகாது, மறைப்பது பாவமாகும்.

கணவன் மனைவியர் நேர்காணலுக்கு முன் தேதிகளையும் முகவரிகளையும் நினைவுபடுத்திக்கொள்வதில் குற்றமில்லை. பதற்றத்தில் மஹர் தொகையையே மறந்து நிற்பவர் உண்டு. ஆனால் ஏஜெண்ட் எழுதிக் கொடுத்த கதையை இருவரும் மனப்பாடம் செய்வது சாட்சியத்தை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும்.

வளர்த்த பிள்ளையைப் பெற்ற பிள்ளை என்று எழுதுவதும் இத்தகையதே. அநாதையை அரவணைப்போருக்குச் சுவனத்தில் உயர்ந்த இடமுண்டு. எனினும், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று அல்அஹ்ஸாப் சூரா கட்டளையிடுகின்றது. பாசத்தின் பெயரால் பரம்பரையை மாற்றி எழுத எவருக்கும் உரிமையில்லை.

மறைக்கப்படும் நிகாஹ்

இனி, மிக நுட்பமான ஒன்றுக்கு வருவோம். அமெரிக்காவில் நிரந்தரக் குடியுரிமை பெற்ற தந்தை, ஊரிலுள்ள 21 வயது கடந்த மகனுக்காக மனுச் செய்கின்றார். மகன் மணமாகாதவன் என்ற வகையில்தான் அம்மனு நிற்கும். அவன் மணமுடித்த உடனே அது தானாகவே இரத்தாகிவிடும். காத்திருப்போ பல ஆண்டுகள். இதற்கிடையில் பெண் பார்த்து, வலியின் சம்மதத்துடன், இரு சாட்சிகளின் முன்னிலையில் நிகாஹும் நடந்துவிடுகின்றது. "பதிவு அலுவலகத்தில் பதியாமல் வைத்துக்கொள்வோம், விசா வந்த பின் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்களே யோசனை கூறுகின்றனர். நேர்காணலில் மகன், "நான் மணமாகாதவன்" என்று உறுதி கூறுகின்றான்.

பதிவில்லாததால் அது பொய்யாகாது என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்கின்றனர். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரின் திருமணமும் பதியப்பட வேண்டும் என்பது உண்மை. ஆனால் பதியாததால் நிகாஹ் நிகாஹ் அல்லாமல் போய்விடுமா? அல்லாஹ்விடமும் அது நிகாஹ். நம் நாட்டுச் சட்டத்திலும் நிகாஹ். வலீமா விருந்துண்ட ஊரே அதற்குச் சாட்சி. நிகாஹைப் பகிரங்கப்படுத்துங்கள் என்று கற்பித்தது நம் மார்க்கம். நாமோ தஃப்தரைப் பூட்டி வைக்கின்றோம்.

அப்பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவன் அந்நாடு சென்று அவளை அழைக்க வேண்டுமாயின் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். உண்மைத் தேதியைக் காட்டினால் அவன் கூறிய பொய் வெளியாகும். எனவே பிந்திய தேதியில் இரண்டாவது நிகாஹ் ஒன்று எழுதப்படுகின்றது. இடையில் ஒரு குழந்தை பிறந்திருந்தால்? காகிதத்தில் அக்குழந்தை பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்ததாகிவிடும். கற்புள்ள ஒரு பெண்ணின் மீது கணவனே தன் கையெழுத்தால் களங்கம் எழுதுகின்றான்! பெண்களின் மானத்தின் மீது ஆதாரமின்றி நாவசைப்பவனுக்குத் திருமறை விதித்த தண்டனை எத்தகையது என்பதனை நாம் அறிவோம். நாவால் செய்தால் குற்றமானது பேனாவால் செய்தால் குற்றமாகாதா?

"நோக்கம் நல்லதுதானே?"

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். குடும்பம் ஒன்று சேர்வது நல்ல நோக்கந்தானே? இளைஞன் மணமுடிப்பதும் சுன்னத்துத்தானே? மணத்தையும் தந்தையையும் இரு புறமும் நிறுத்தி ஒன்றைத் தேர்ந்துகொள் என்று கூறும் சட்டம் கடுமையானதல்லவா? ஆம், கடுமையானதுதான். அந்தக் கடுமையை நாம் மறுக்கவில்லை.

பிணங்கியோரை இணைத்து வைப்பது போன்ற சில இடங்களில் உண்மைக்கு மாறாகப் பேச அனுமதியுண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதனை இஹ்யாவில் விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். நல்ல நோக்கம் ஒன்றை உண்மை கூறியே அடைய முடியுமாயின் அங்கே பொய் ஹராம் என்பது அவர்கள் வகுத்த அளவுகோல். நம் விஷயத்தில் உண்மையான வழிகள் உண்டு. தந்தை குடிமகனாகும் வரை மகன் நிகாஹைத் தள்ளி வைக்கலாம்; குடிமகனின் மகன் மணமுடித்தாலும் மனு இரத்தாகாது, காத்திருப்புதான் நீளும். அன்றேல் இப்போதே மணமுடித்து, அந்த வகையில் கிடைக்கும் இடத்தை இழக்கலாம். இரண்டும் கசப்பானவை, ஆயினும் இரண்டும் ஹலாலானவை.

மேலும், இப்பொய் எவரையும் பாதிக்காத பொய்யன்று. பெற்றோர், கணவன் மனைவியர், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகள் ஆகிய குடிமக்களின் நெருங்கிய உறவினருக்கு எண்ணிக்கை வரம்பில்லை. மற்றக் குடும்ப வகைகளுக்கோ 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்த அளவாக 2,26,000 விசாக்களே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு நாட்டவர்க்கு 7 சதவிகிதம் என்ற வரம்பும் உண்டு. உரிமையில்லாத ஒருவர் அவ்வரிசையில் நின்றால், உண்மையைச் சொல்லிக் காத்திருக்கும் மற்றொரு குடும்பம் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. அவர்கள் யாரென்று நாம் அறியோம். மறுமையில் அவர்கள் நம்மை அறிந்துகொள்வார்கள். அடியார்களின் ஹக்கை அவர்களே மன்னித்தாலன்றி ஈடேற்றமில்லை என்பது நாம் சிறு வயதிலேயே ஓதிய பாடமல்லவா?

பொறுப்பேற்கும் கையெழுத்து

அழைப்பவரின் வருமானம் போதாவிடில் மற்றொருவர் சேர்ந்து பொறுப்பேற்கலாம். பொதுவாக அந்நாட்டு வறுமைக் கோட்டின் ஒன்றேகால் மடங்கு வருமானம் காட்ட வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கள் மச்சான்" என்று உறவுக்குள் கேட்கின்றோம். அது சும்மா ஒரு கையெழுத்தன்று. வந்தவர் குடிமகனாகும் வரை, அல்லது சுமார் 10 ஆண்டு உழைப்புக் கணக்குச் சேரும் வரை அப்பொறுப்பு தொடரும். தலாக் ஆனாலும் நீங்காது. ஃபிக்ஹு நூல்களில் கஃபாலத் என்று நாம் ஓதும் ஜாமீன் இதுவேயாகும். ஜாமீன் நிற்பவர் நிறைவேற்றும் எண்ணத்துடன் நிற்க வேண்டும்; கேட்பவரும் சுமையின் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மஹல்லா ஜமாஅத்தாருக்கும் இதில் பங்குண்டு. தஃப்தரில் தேதியை மாற்றித் தரும்படி உறவும் நட்பும் வந்து நெருக்கும். அந்தத் தஃப்தர் ஊரார் ஒப்படைத்த அமானத்து. ஒரு முறை வளைத்தால், அடுத்து வரும் ஏழைப் பெண்ணின் உண்மையான சான்றிதழையும் எவரும் நம்பமாட்டார்கள்.

பொய்யான தகவல் வெளிப்பட்டால் அந்நாட்டில் நுழைய வாழ்நாள் தடை வரக்கூடும். அதற்கு விலக்குச் சில நிலைகளில் மட்டுமே உண்டு. ஆனால் பிடிபடுவோம் என்ற அச்சத்தால் மட்டும் உண்மை பேசுகிறவன், பிடிபடாத வழி கிடைத்த அன்றே பொய் பேசுவான். பார்க்கின்றவன் ஒருவன் இருக்கின்றான் என்ற எண்ணமே முஃமினுக்குக் காவல். ஏற்கனவே தவறாக எழுதியிருப்போர், கேட்பதற்கு முன்னரே தக்க வழக்கறிஞரின் ஆலோசனையுடன் முன்வந்து திருத்தட்டும். உரிய காலத்தில் தானே திருத்திக்கொள்பவனை அச்சட்டமும் கருத்தில் கொள்கின்றது. தௌபாவின் முதற்படியும் பாவத்தை விடுவதே.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! இங்கே கோப்பைத் திறந்து ஒவ்வொரு காகிதமாய் அடுக்குகின்றோம். நாம் அடுக்காத மற்றொரு கோப்பு கிராமுன் காத்திபீனின் கையில் இருக்கின்றது. இரண்டும் ஒன்றையே கூறுமாயின் அச்சமில்லை. விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உண்மையோடு வீடு திரும்பும் பாக்கியத்தையும், பிரிந்திருக்கும் குடும்பங்கள் ஹலாலான வழியில் ஒன்று சேரும் பாக்கியத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.