பழைய விலாசம்

ஊர்ப்பற்று நம் எழுத்தாளர்களிடையே ஓர் அழகியல் சமாசாரமாகிவிட்டது. மயிலாப்பூர் மாட வீதிகளைப் பற்றி நானே இரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறேன். என் தகப்பனார் உத்தியோகத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்தவர்; நான் இங்கே பிறந்தவன். குளக்கரையைப் பார்த்தால் எனக்கு ஏதோ செய்கிறது. இந்த உணர்வுக்காக நான் இதுவரை எதையும் இழந்ததில்லை என்பதைச் சமீபத்தில்தான் கவனித்தேன். நாளைக்கே அடையாறுக்குக் குடிபோனால் இன்னொரு கவிதை கூடும், அவ்வளவுதான். புறநானூற்றின் 192-ஆம் பாட்டை மேடைதோறும் சொல்லுகிறவர்களும் என் கட்சிதான். எந்த ஊரும் ஒன்றுதான் என்று சொல்வதற்கு, சொல்லிவிட்டுத் திரும்பிப் போக ஒரு வீடு பத்திரமாக இருக்கவேண்டியிருக்கிறது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு மாதம் ஒரு முறை வரும் ஓர் அம்மாள், திண்டிவனத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்து பக்கிங்காம் கால்வாய்க் கரையில் முப்பது வருஷம் குடியிருந்தவர். மந்தைவெளியில் ஐந்து வீடுகளில் வேலை. கரையைக் காலி செய்தபோது பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஆயிரமோ ஐந்நூறோ எடுத்துப் போவார். மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் 2021-லிருந்து பஸ் செலவில்லை. போவதும் வருவதுமாக அரை நாள் மட்டும் செலவு.

அந்தக் கால்வாயின் சரித்திரமே பிழைக்க வந்தவர்களின் சரித்திரம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877-78-இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டினார்கள். வெட்டியவர்கள் பசித்தவர்கள், பெயர் கவர்னருடையது. பிறகு அரசாங்கமே கால்வாய்க்குள் தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டது, 1997-இல் திருமயிலை வரை, 2007-இல் வேளச்சேரி வரை. ஆக்கிரமிப்பு என்ற சொல் மட்டும் கரையிலிருந்தவர்களுக்கு மிஞ்சியது. 2022 மே மாதம் ஆர்.ஏ. புரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். அவருக்கிருந்ததையும் எனக்கிருப்பதையும் ஒரே சொல்லால் குறிக்க எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

எதிர்வாதம் தெரியும், அதை நம்பியவன்தான் நான். சாக்கடை நாற்றம், கொசு, மழைக்கு மழை உள்ளே வரும் தண்ணீர் - இதில் என்ன வாழ்வு? புது இடத்தில் கான்கிரீட் கூரை, தனிக் கக்கூஸ். பழகிப்போன துன்பத்தில் ஒருவர் கொள்ளும் திருப்தியை அவர் வாழ்வின் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்று அமர்த்தியா சென் வாதிட்டிருக்கிறார். நியாயமான எச்சரிக்கை. ஆனால் அதைக் கையிலெடுக்கிறவர்கள் ஓர் அடி கூடுதலாக வைத்துவிடுகிறோம்: அவர் சொல்லை நம்ப முடியாது, ஆகவே நாம் சொல்வதே அவருக்கு நல்லது. பின்னது முன்னதிலிருந்து எப்படி வரும்?

அவருடைய பற்று வெறும் பழக்கமல்ல. கடனுக்கு அரிசி தரும் கடை, காலை ஆறு மணிக்கு நடந்தே போய்விடக்கூடிய வேலை, நடுராத்திரியில் எழுப்பினாலும் வரும் ஆட்டோக்காரர். பட்டா இல்லாதவர்களுக்கு இதுதான் சொத்து. இப்படிச் சொல்லித் திருப்தியடைந்திருப்பேன். அவரிடமே கேட்டேன்.

"கட்டிடம் நல்லாத்தான் சார் கீது. அங்க சண்ட போடக்கூட ஆளு இல்ல."

வசதிக் கணக்கில் இது எந்தக் கட்டத்தில் வரும்? சீமோன் வேய் 1943-இல் லண்டனில், தன் நாட்டைப் பிரிந்திருந்தபோது, வேர்களின் தேவையைப் பற்றி எழுதினார். அவருக்கு வேர் என்பது ஒரு கூட்டத்தின் வாழ்வில் மெய்யாகப் பங்கு கொள்வது. அப்படியானால் பிறந்தவனைவிட வந்தவளே ஓர் ஊரில் ஆழமாக வேர்விட முடியும். சண்டை போடும் உரிமையை அவள் வருஷக்கணக்காகச் சம்பாதித்திருக்கிறாள். மாட வீதியில் என்னோடு சண்டை போட எவரும் இல்லை. (2000-ஐ ஒட்டி நகரத்திலிருந்து அகற்றியவர்களைக் குடியேற்றிய துரைப்பாக்கத்துக் குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயர். புகாரிலிருந்து பெயர்ந்து போனவள், போன ஊரில் நியாயம் கிடைக்காமல் அதை எரித்தவள். பெயர் வைத்தவர்கள் சிலப்பதிகாரத்தை எதுவரை படித்தார்களோ!)

அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்பது அங்குள்ள பிள்ளைகள் பலகாலமாகச் சொல்லும் புகார். பெரும்பாக்கத்துக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மாளின் பாஸ்புக்கில் மந்தைவெளி விலாசமே இருந்தது. ஆதாரில் மாறிவிட்டது, வங்கியிலும் மாற்றியாக வேண்டும் என்பது விதி. அதோடு நிற்காமல், வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கே கணக்கை மாற்றிவிடலாம் என்றேன். இது விதியல்ல, என் யோசனை. "வேணாம் சார், நான் வந்து போயிக்கிறேன்" என்று இரண்டு தரம் சொன்னார். அலைச்சல் மிச்சம் என்றேன். பாரத்தை நானே பூர்த்தி செய்தேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். போட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து, கவுண்டருக்கு வராமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்ன வேலை என்று கேட்டேன். ஒன்றுமில்லை, அந்தப் பழைய பாஸ்புக் இருந்தால் வேண்டும் என்றார். மேஜைக்குள் தேடினேன். அட்டையின் குறுக்கே ரத்து என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது, என் கையெழுத்தில். வாங்கி, விலாசம் இருந்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, புதிய பாஸ்புக் இருந்த அதே மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.