கோதை என்னும் திருநாமம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடி மாதப் பூர நட்சத்திரத்தன்று, துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த பெண் குழந்தைக்கு இட்ட பெயர் கோதை. கோதை என்றால் மாலை. அவ்வூர்ப் பெருமாளான வடபத்ரசாயிக்கு நாள்தோறும் பூமாலை கட்டிச் சாத்துவதையே கைங்கரியமாகக் கொண்டவருக்கு வேறு பெயர் தோன்றியிருந்தால்தான் வியப்பு.

அதற்கு முன்பே தமிழில் வழங்கிய பெயர்தான் அது. பெண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சேர மன்னர் சிலருக்கும் கோதை என்று பெயர் உண்டு. கரூரில் கிடைத்த பழங்காசுகளில் மன்னனின் தலையுருவத்தோடு 'மாக்கோதை' என்ற தமிழ் பிராமி எழுத்துகள் காணப்படுகின்றன. இன்று அப்பெயரைக் கேட்டதும் அரசன் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை என்றால், வில்லிபுத்தூர்ப் பெண்ணே காரணம்.

பெருமாளுக்கென்று தந்தை தொடுத்து வைத்த மாலையை அவள் தானே சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்துவிட்டுப் பூக்குடலையில் திருப்பி வைத்தாள். ஒருநாள் மாலையில் தலைமுடி ஒன்றைக் கண்டு பெரியாழ்வார் பதறிப்போனார். புது மாலை கட்டிச் சாத்தினார். அவள் சூடிக் களைந்ததே தமக்கு உகந்தது என்று பெருமாள் கனவில் அருளியதாக வைணவக் குருபரம்பரை நூல்கள் சொல்லும். அவள் பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு கோயிலில் இன்றும் இருக்கிறது. பெருமாளையே ஆண்டவள் என்பதால் அடியார்கள் அவளை ஆண்டாள் என்றார்கள். அவளோ திருப்பாவையின் 30 பாசுரங்களிலும் நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலும் தன் பெயரைச் சொல்லுமிடத்தில் கோதை என்றே சொல்லிக்கொள்கிறாள். பெரும்பாலும் தந்தையின் பெயரோடு சேர்த்து.

இரண்டு பெயர்களும் வீடுகளுக்குள் நுழைந்தன. ராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வானின் மனைவி பெயர் ஆண்டாள். ஆக, ராமானுஜர் காலத்திலேயே பெண்களுக்கு அப்பெயரை இட்டு வழங்கியிருக்கிறார்கள். கோதை வடமொழியில் 'கோதா' ஆனாள். வேதாந்த தேசிகர் 29 சுலோகங்களில் கோதா ஸ்துதி பாடினார். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் அவள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற காவியமாக்கினார். தெலுங்கு நாட்டில் அவள் கோதாதேவி.

தமிழ்நாட்டு வைணவக் குடும்பங்களில் கோதை, கோதைநாயகி, கோதைநாச்சியார், ஆண்டாள் எல்லாம் பாட்டி பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கத்தால் தலைமுறை தாண்டி வந்தவை. 115 நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவர்தான். இப்போது சுருக்கமான பெயர்களையே பலர் நாடுகிறார்கள். கோதையோ இரண்டே எழுத்து. ஆடிப்பூரத்தில் பிறந்தவளுக்குத்தான் இடவேண்டும் என்ற நியதி ஏதும் கிடையாது. எந்த நாளில் பிறந்த பெண்ணுக்கும் இத்திருநாமத்தைச் சூட்டலாம்.