மந்திரமா, செபமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்பு, ஒரு சிறுவன் மாத்திரம் கோவில் படியில் நின்றுகொண்டிருந்தான். அவன் அப்பத்தா காலமாகி அப்போது பதினைந்து நாள்கூட ஆகவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். அவன் தலை நிமிராமல் கேட்டான்: “சாமி, அப்பத்தாவுக்காகத் தினமும் 53 மணியும் சொன்னேன். எந்த இடத்துல தப்பாச் சொன்னேன்?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. மெல்ல விசாரித்தபோதுதான் தெரிந்தது. விடுமுறையில் அவன் “ஹாரி பாட்டர்” சினிமா பார்த்திருக்கிறான். ரௌலிங் அம்மையார் எழுதி 1997-ல் வெளியாகி, 2001-ல் சினிமாவாக வந்த கதை அது. அதில் மந்திரம் கற்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. ஃப்ளிட்விக் என்னும் குள்ளமான ஆசிரியர் புத்தக அடுக்கின்மேல் ஏறி நின்று பாடம் நடத்துகிறார். மாணாக்கருக்கு முன்னே ஓர் இறகு. கோலை இன்னபடி அசைத்து, லத்தீன் சாயலுள்ள இரண்டு சொற்களைப் பிசகாமல் சொன்னால் இறகு எழும்பும். ஒரு பையன் கையை வீசிக் கத்துகிறான், இறகு அசையவில்லை. பக்கத்திலிருந்த பெண் அவன் உச்சரிப்பைத் திருத்தித் தானே சொல்லிக் காட்டுகிறாள். இறகு தலைக்குமேல் எழுந்து நிற்கிறது. ஓரெழுத்து மாற்றிச் சொன்ன ஒருவன் மார்பின்மேல் எருமையோடு தரையில் கிடந்தான் என்று ஆசிரியர் எச்சரிப்பதும் புத்தகத்தில் உண்டு.

நம் சிறுவனின் கணக்கு நேரானது. நாமும் “அருள் நிறை மந்திரம்” என்றுதானே சொல்கிறோம்? மந்திரம் பலிக்கவில்லையென்றால் சொன்னவன் நாவில்தான் பிழை இருக்கவேண்டும். ஆகவே அப்பத்தா சாவுக்குத் தானே காரணம் என்று அந்தப் பிள்ளை அத்தனை நாளாக மனதுக்குள் சுமந்துகொண்டிருந்தான்.

கிறிஸ்தவர்களே, இந்தக் கேள்வி சிறுவனுடையது மாத்திரமா? நம்மில் எத்தனைபேர் இதையே வேறு வார்த்தையில் கேட்கிறோம்! ஆகையால் மந்திரம் எது, செபம் எது என்பதை இன்று சற்று யோசித்துப் பார்ப்போம்.

மந்திரவாதம் நமக்கு அந்நிய சரக்கு அல்ல. வசியம், மோகனம், தம்பனம், ஆகர்ஷணம், உச்சாடனம், வித்துவேஷணம், பேதனம், மாரணம் என்று எட்டு வகைச் செய்கைகளை நம் நாட்டு மந்திரவாதிகள் எண்ணிச் சொல்வார்கள். இத்தனை உரு ஏற்றவேண்டும், உரு தப்பினால் சொன்னவனையே திருப்பி அடிக்கும் என்பார்கள். கதைப் பள்ளியின் பாடமும் இதுதான். வல்லமை சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. சரியாகச் சொல்லுகிறவனுக்கு அது கீழ்ப்படிந்தே தீரும். சொல்லுகிறவன் நல்லவனா, எதற்காகச் சொல்லுகிறான் என்ற விசாரணை அதற்கு இல்லை. சுருங்கச் சொன்னால், அங்கே பேசுகிறவன் ஒருவன் உண்டு. கேட்கிறவர் ஒருவரும் இல்லை.

செபத்திலோ கேட்கிறவர் இருக்கிறார். வித்தியாசமெல்லாம் அதில்தான். சொல்லை அவர் எடை போடுவதில்லை. சொல்லுகிற பிள்ளையைப் பார்க்கிறார். பச்சைக் குழந்தை பாதி எழுத்தில் கூப்பிட்டாலும் தாய் ஓடி வருகிறாள். “முழுச் சொல்லாகச் சொல், அப்புறம் வருகிறேன்” என்று எந்தத் தாயும் சொன்னதில்லை.

நம் சொந்த அனுபவமே இதற்குச் சாட்சி. நம் பாட்டிமார் சொன்னது “பிரியதத்த மந்திரம்.” நாம் சொல்வது “அருள் நிறை மந்திரம்.” வார்த்தை மாறிவிட்டது. மந்திரவாதமாயிருந்தால் இரண்டில் ஒரு தலைமுறையின் செபம் வீணாகியிருக்க வேண்டாமா? ஆண்டவர் தாமே கற்பித்த செபம் மத்தேயு சுவிசேஷத்தில் நீளமாகவும் லூக்காஸ் சுவிசேஷத்தில் குறுக்கமாகவும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்க வேண்டுமென்று திருச்சபை நினைத்திருந்தால் இரண்டையும் வைத்துக் காத்திருக்குமா?

சேசுநாதரின் திருநாமத்தையே மந்திரமாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. எபேசு நகரில் ஸ்கேவா என்பவனின் ஏழு குமாரர், அர்ச். சின்னப்பர் சொல்லும் நாமத்தை நாமும் சொன்னால் பேய் ஓடும் என்று பரீட்சை பார்த்தார்கள். உச்சரிப்பில் குறையில்லை. ஆனால் பேய் பிடித்தவன் அவர்கள்மேல் பாய்ந்து அடித்து, காயத்தோடும் நிர்வாணமாகவும் ஓட வைத்தான். அதைக் கேட்ட எபேசு மக்களில் அநேகர், 50,000 வெள்ளிக்காசு பெறுமான மந்திர நூல்களைக் கொண்டுவந்து நெருப்பிலிட்டார்கள் என்று அப்போஸ்தலர் நடபடி 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இங்கே படித்தவர் ஒருவர் கேட்கலாம்: “சுவாமி, பூசையில் எழுந்தேற்றத்தின்போது நீர் சொல்லும் வார்த்தைகளை மாற்றக்கூடாது என்கிறீர், குருவானவர் பாவியாயிருந்தாலும் தேவதிரவிய அனுமானம் செல்லும் என்கிறீர். இது மந்திரமல்லவா?” நியாயமான கேள்வி. நம் பேரணை மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. திறந்தவர் உத்தமரா, குடிகாரரா என்று தண்ணீர் கேட்பதில்லை. அதற்காக அவர்தாம் தண்ணீரை உண்டாக்கினார் என்று சோழவந்தான் சம்சாரி எவரும் சொல்லமாட்டார். மலையில் பெய்தது மழை. திறக்கும்படி வந்தது உத்தரவு. அப்படியே தேவதிரவிய அனுமானங்களில் வார்த்தை கிறிஸ்துநாதருடையது, வாக்குறுதியும் அவருடையது. இராயப்பர் ஞானஸ்நானம் கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்று அர்ச். அகுஸ்தீனார் போதித்தது இதனால்தான். ஒருவர் தாமாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது வேறு. அவரைக் கட்டாயப்படுத்தி வாங்குவது வேறு. வாய்க்கால் நிறைய ஓடினாலும் தன் வயல் மடையை அடைத்து வைத்தவனுக்கு நாற்று காயும் என்பதையும் மறவாதீர்கள்.

சிறுவனிடம் திரும்புவோம். “தம்பி, உன் வார்த்தையில் பிழையே இல்லை” என்றேன். சேசுநாதர் பூங்காவனத்தில் இரத்த வேர்வை வேர்த்து, அந்தப் பாத்திரம் தம்மை விட்டு அகலவேண்டுமென்று பிதாவை மன்றாடினார். பாத்திரம் அகலவில்லை. அவர் உச்சரிப்பில் குறை இருந்ததென்று யார் சொல்வார்? பிதாவின் சித்தம் ஆகட்டும் என்று அவர் சேர்த்துக்கொண்டார். எந்த மந்திரத்திலும் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை.

அவன் விடவில்லை. “அப்ப எதுக்குச் சாமி செபம் சொல்லணும்?”

அப்பத்தா ஏன் பிழைக்கவில்லை என்பது எனக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் பேசவும் எனக்கு மனம் வரவில்லை. நான் வேறொன்று கேட்டேன். “அப்பத்தா படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாயாமே. அதனால் நோய் குணமாயிற்றா?” இல்லையென்றான். “பின் எதற்கு உட்கார்ந்தாய்?” வெகுநேரம் யோசித்து, “அவுக தனியா இருக்கக் கூடாதுன்னுதான்” என்றான்.

அதுதான் செபம் என்றேன். சர்வேசுரனைத் தனியே விடாமலும், அவர் நம்மைத் தனியே விடாமலும் இருப்பது. கேட்பதைக் கேட்கத்தான் வேண்டும். பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பிடித்த கையை விடாதிருப்பதே கிறிஸ்தவனின் செபம்.

சினிமாவை ஏசி இதை முடிக்க எனக்கு மனமில்லை. அந்தக் கதையிலும், கைக்குழந்தையைக் காத்தது வகுப்பில் கற்ற வித்தையல்ல, அதற்காக உயிர்விட்ட தாயின் அன்பே. குற்றம் நம்மிடம் இருக்கிறது. மந்திரம் என்ற நல்ல பழஞ்சொல்லை முன்னோர் நமக்குத் தந்தார்கள். நாம் பிள்ளைகளுக்கு வார்த்தையைத் தந்து கேட்கிறவரைக் காட்டாமல் விட்டோம். பிழையின்றி ஒப்பித்த பிள்ளைக்குப் பரிசு, தடுமாறின பிள்ளைக்குக் குட்டு. என் வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது, அதற்காக வெட்கப்படுகிறேன். ஒன்பது பிரதி எடுத்துக் கோவிலில் வை, இத்தனை பேருக்குப் போனில் அனுப்பு, இல்லையேல் கேடு வரும் என்று சுற்றும் “செபங்கள்” வந்தால் பயப்படாமல் அழித்துவிடுங்கள். நோயென்றால் வைத்தியரிடம் போங்கள், தாயத்துக்காரனிடம் போகாதீர்கள்.

பெற்றோரே, இன்றிரவு வீட்டில் குடும்பச் செபம் தொடங்குமுன் ஒரு நிமிஷம் மௌனமாயிருங்கள். “யாரோடு பேசப்போகிறோம்?” என்று சின்னப் பிள்ளையிடம் கேளுங்கள். அது பதில் சொன்னபின் சிலுவை அடையாளம் வரையுங்கள். பிறகு ஓரிரண்டு வார்த்தை தவறினாலும் குட்டாதீர்கள்.

கிறிஸ்துநாதருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குச் சுவாமி