நிலைப்படியில் ஜான்ஸன்

மனவுறுதி இல்லாதவன்தான் பழக்கத்துக்கு அடிமையாகிறான் என்பது நம்மிடையே யாரும் கேள்வி கேட்காத தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைப் பொய்யாக்க டாக்டர் ஜான்ஸன் ஒருவரே போதும் என்று எனக்குப் படுகிறது.

1755இல் வந்த ஆங்கில அகராதியை, ஒருசில எழுத்தர்களின் உதவியோடு, ஏறக்குறையத் தனி மனிதராகச் செய்து முடித்தவர் அவர். உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் பாஸ்வெல் 1791இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் நாம் பார்க்கும் ஜான்ஸன், வாசலைக் கடக்க அடிகளை எண்ணுகிறார். கணக்குத் தவறினால் திரும்பிப் போய் மறுபடி நடந்து வருகிறார். நெற்றி நரம்பு புடைக்க, வியர்வை வழியச் சாப்பிடுகிறார். இரண்டு நாள் பட்டினியும் கிடக்கிறார். மதுவை அறவே விட முடிந்த அவரால் அளவாகக் குடிக்க முடியவில்லை. தனிமையில் தன்னிடமிருந்து தப்பிக்கவே அது வேண்டியிருந்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவை மூன்று தனித்தனிப் பலவீனங்களா? அவருடைய அங்கசேஷ்டைகளில் பழைய நடத்தை பற்றிய சுயநிந்தனையைக் கண்டார் ஓவியர் ரெனால்ட்ஸ். இன்றைய மருத்துவர்கள் சிலர் டூரெட் நோய் என்கிறார்கள். இருக்கலாம், உடம்புக்கும் பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் புத்தி பேதலித்துவிடுமோ என்று வாழ்நாளெல்லாம் பயந்த மனிதருக்கு எண்ணிக்கையும் உணவும் மதுவும் என்ன செய்தன என்ற கேள்வி, நோய்க்குப் பெயர் வைப்பதால் தீர்ந்துவிடாது.

நான் வங்கியில் பணம் எண்ணுகிறவன். ஒரு கட்டை இரண்டு தடவை எண்ணுவேன். தொகை சரியென்றால் முடிந்தது. உள்ளிருந்து ஏதோ விரட்ட எண்ணுகிறவனுக்கு முடிவதில்லை. நோட்டு சரியாக இருந்தும் பயம் போவதில்லை. மறுபடி எண்ணினால் சற்றுத் தணிகிறது. தணிந்த காரணத்தாலேயே அடுத்த தடவையும் எண்ணச் சொல்கிறது. குடியிலும், தன்னைத்தானே பட்டினி போடுவதிலும் இந்தச் சுழற்சியைப் பார்க்கலாம். நிவாரணமே விலங்காகிவிடுகிறது.

சூழ்நிலை மாறினால் விலங்கு தளருமா? 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே போதைமருந்துக்கு அடிமையாக இருந்ததாகச் சொன்னார். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் இவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் மிகச் சிலரே. அங்கே ஹெராயின் மலிவாகக் கிடைத்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் விமானத்தில் ஏறியதும் இத்தனை பேருக்கும் மனவுறுதி முளைத்துவிட்டது என்று எவரும் வாதிட முடியாது.

அவஸ்தைதான் காரணமென்றால் பொறுப்பே கிடையாதா? உண்டு. குடிகாரனிடம் அடிபடுகிற மனைவிக்கு அவனுடைய துக்கம் பதிலாகாது. ஆனால் பொறுப்பைச் சுமக்கச் சொல்வதற்கும், அவன் எதிலிருந்து ஓடுகிறான் என்று கேட்க மறுப்பதற்கும் வித்தியாசமிருக்கிறது.

ஒழுக்கவாதி கேட்க மறுக்கிறான். எழுத்தாளர்களாகிய நாமும் வேறுவிதமாக மறுக்கிறோம். குடித்துச் செத்த கவிஞனின் இரங்கல் கூட்டத்தில் கவிதைக்கு அவன் தந்த விலை அது என்று பேசிவிட்டுக் கலைகிறோம். ஜான்ஸன் எழுதியது அவஸ்தையின் தயவில் அல்ல. அது விட்டுவைத்த நேரத்தில் எழுதினார். நம்மிடையே உயிரோடு இருக்கிறவனுக்கு அந்த நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்க நாம் என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு முக்கியமான விமர்சனப் பிரச்னையாகத் தோன்றுகிறது.