ஒரு கால் போதும்

அப்பாவின் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? சீட் உன் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. வலது காலைக் குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்து, சைக்கிள் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகச் சாய்ந்தபடி ஊரையே சுற்றினாய். அன்று உன் கால் எங்கே தரையில் எட்டியது? "வளர்ந்த பிறகு ஓட்டவா?" என்று யாரிடமாவது அனுமதி கேட்டாயா?

அந்தப் பிள்ளைதான் இன்று ஷோரூமில் ஹிமாலயன் பைக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் விலை கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

நான் 5 அடி 2 அங்குலம். என்னிடமும் சொன்னார்கள், "சார், இந்த ஹைட்டுக்கு இது செட் ஆகாது" என்று. சொன்னவர் கெட்டவர் இல்லை. நான் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் எக்கி எக்கித் தரையைத் தேடியதைப் பார்த்துச் சொன்னார். ஆனால் அந்தச் சோதனையே தவறு! இரண்டு பாதமும் பதிந்தால்தான் ஓட்ட முடியும் என்று எந்த வண்டியும் கேட்பதில்லை. ஓடும் வண்டியில் ஆறடிக்காரனின் காலும் உன் காலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, ஃபுட்ரெஸ்ட்டில். உனக்கும் அவனுக்கும் வித்தியாசம் வருவது வண்டி நிற்கும் அந்தக் கடைசி ஒரு நொடியில் மட்டும். ஒரு நொடிக்குப் பயந்து ஒரு வாழ்நாள் ஆசையை விடுவாயா?

அந்த நொடியைக் கற்றுக்கொள். நிற்கப் போகுமுன் இடுப்பை இடப்பக்கமாக நகர்த்து. சீட்டின் ஓரத்தில் பாதி உடம்புதான் இருக்க வேண்டும். வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும், இடது காலின் முன்பாதத்தை உறுதியாக ஊன்று. ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். அது திரும்பியிருக்கும்போது மெதுவான வேகத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி அந்தப் பக்கமே சாயும். நின்ற இடத்தில் விழுகிறவர்களில் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். இன்னொன்று, நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இடது ஓரத்தில் நிறுத்தினால் இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடும். அங்கே இடுப்பை வலப்பக்கம் நகர்த்தி வலது காலை ஊன்று. உயரமானவன் பார்க்கத் தேவையில்லாத தரையை நீ பத்தடிக்கு முன்பே படிக்கிறாய். ஜல்லி எங்கே, பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று உனக்குத் தெரிகிறது. இது குறையா? இதுதான் ஓட்டுநரின் கண்!

வண்டியின் விவர அட்டவணையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தும் மிரளாதே. கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர், ஹிமாலயன் 450-இல் 825. வெறும் இரண்டு சென்டிமீட்டர். சீட்டின் முன்பகுதி ஒடுங்கியிருந்தால் கால் நேராக இறங்கும், அகன்றிருந்தால் அதே உயரமும் எட்டாது. அதனால் உட்கார்ந்து பார்த்து முடிவு செய். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் போடு. சீட் கடையில் கொடுத்து ஃபோமைக் கொஞ்சம் செதுக்கச் சொல். சஸ்பென்ஷனைத் தாழ்த்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள். அடிப்பக்க இடைவெளி குறையும், சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் வண்டி போதிய அளவு சாயாமல், லேசாகத் தட்டினாலே விழும்படி நிற்கும். வண்டியை வெட்டுவதற்கு முன் உன் பழக்கத்தைத் திருத்து.

விழுவாய். நானும் சிக்னலில், அத்தனை பேர் பார்க்க, விழுந்தேன். கிட்டத்தட்ட 200 கிலோ இரும்பைக் கையால் இழுத்துத் தூக்காதே. இன்ஜினை அணை, கியரில் போடு. வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிடு. வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டில் இடுப்பை அழுத்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, தொடை பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நட. எழும்பும். எழும்பிய அன்று இரவு நீ தூங்கும் தூக்கமே வேறு.

ஸ்பெயின் நாட்டு பைக் பந்தய வீரர் டானி பெட்ரோசாவின் உயரம் 160 சென்டிமீட்டரைத் தாண்டாது. 2003-இல் 125சிசி, 2004-இலும் 2005-இலும் 250சிசி என மூன்று உலகப் பட்டங்கள். பிறகு மோட்டோஜிபியில் 31 வெற்றிகள். ஓட்டத் தொடங்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் அவரைவிட உயரமாக இருந்திருக்கலாம். கோட்டைக் கடக்கும்போது அதை யார் பார்த்தார்கள்?

ஸ்பெயினுக்கு ஏன் போக வேண்டும்? புதுக்கோட்டைக்குப் போ. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்களுக்கு லேடீஸ் சைக்கிள் போதவில்லை. குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். சேலையோடு ஏறினார்கள். சிலர் அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அந்தச் சைக்கிளையே விரும்பிக் கேட்டார்கள்! தடையாக நின்ற கம்பியைப் பிள்ளைக்கு இருக்கையாக மாற்றிய தாய்மாரின் மண்ணில் பிறந்துவிட்டு, இரண்டு சென்டிமீட்டருக்கு நீ தலை குனிவதா?

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு வருமுன், காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டு போ. ஹெல்மெட், பூட்ஸ் போட்டுக்கொள், பின்னால் யாரையும் ஏற்றாதே. ஓட்டிப் பழகப் போகவில்லை நீ, நிறுத்திப் பழகப் போகிறாய். பத்தடி ஓட்டு, இடுப்பை நகர்த்து, ஒரு காலை ஊன்றி நில். மறுபடியும். 50 தடவை. முதல் பத்து தடவை தொடை நடுங்கும், நடுங்கட்டும். ஐம்பதாவது தடவை நிற்கும்போது எப்போது இடுப்பை நகர்த்தினாய் என்பதே உனக்கு ஞாபகம் இருக்காது. வீட்டுக்கு வரும்போது சிக்னல் இருக்கிற வழியாகவே வா.