குந்தி யாரிடம் சொல்லியிருப்பாள்?

ஞாயிறு சமய வகுப்பில் கர்ணன் பிறந்த கதையை நடத்திக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட இடம் வந்ததும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "அக்கா, குந்தி யார்கிட்டயும் சொல்லலையா?" எனக்கு நேரமாகிவிட்டது. "அதெல்லாம் விதிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நாளில் அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வெளியூரில் பெரியம்மா வீட்டில் அவளுக்குக் குழந்தை பிறந்த செய்தி பிறகுதான் என் காதுக்கு வந்தது.

அதற்கப்புறம் பாரதத்தில் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். சின்ன வயதிலேயே பெற்ற தகப்பன் சூரசேனன் அவளைக் குந்திபோஜனுக்குத் தத்துக் கொடுத்துவிடுகிறான். கோபக்கார துர்வாசருக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பு அந்தச் சிறுமி தலையில் விழுகிறது. முனிவர் மந்திரத்தைக் கொடுக்கிறார். அது பலிக்குமா என்ற ஆவலில் சொல்லிப் பார்க்கிறாள். சூரியன் எதிரில் வந்து நின்றதும் பயந்துபோய்த் திரும்பிப் போகச் சொல்கிறாள். போனால் உன் தகப்பனையும் மந்திரம் கொடுத்தவரையும் எரித்துவிடுவேன் என்கிறான். தேவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் இதில் "கெட்ட பெண்" எங்கே இருக்கிறாள்?

நம் பிள்ளைகளின் கதையும் இதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் வேலை. வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. போனில் ஒருத்தன் தினமும் "சாப்டியா?" என்று கேட்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கிக் கிடக்கும் பெண்ணிடம் போய் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசி என்ன பயன்? பல நேரம் அவன் அவளைவிட வயதில் மூத்தவன். பதினாறு வயதுக்குட்பட்ட பெண் சம்மதித்தாலும் அது கற்பழிப்புதான் என்கிறது நம் நாட்டுச் சட்டம். நாமோ அவனை விட்டுவிட்டு "இவ ஏன் போனா?" என்று கேட்கிறோம். அப்பா அடிப்பார், கோயிலில் எல்லாரும் பேசுவார்கள் என்ற பயத்தில் அவள் மாதக்கணக்கில் தளர்வான பாஜுவுக்குள் வயிற்றை மறைக்கிறாள். கிளினிக்கில் ஒரு பரிசோதனைகூட நடப்பதில்லை.

போர் முடிந்த பிறகுதான் குந்தி பாண்டவர்களிடம் உண்மையைச் சொல்கிறாள். அப்போதும் தர்மர், பெண்களுக்கு இனி ரகசியமே தங்காது என்று சபிக்கிறார். அம்மா ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று தர்மரே யோசிக்கவில்லை என்றால், நம் கமிட்டிக்காரர்களை நான் என்ன சொல்வது!

2010-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்பன்கேர் அமைப்பு, கைவிடப்படும் சிசுக்களைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போக ஒரு தொட்டில் அமைத்தது. நல்ல காரியம். பெட்டியும் ஆறும் தேவைப்படாது. ஆனால் குழந்தையை வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாளே, அவள் எங்கே போவாள்? 15999, தாலியான் காசே எண், இரவிலும் எடுப்பார்கள். அதை எங்கள் வகுப்புப் பலகையில் எழுதி வைத்தேன். "பிள்ளைங்க கெட்டுடும்" என்று ஒரு பெரியவர் அழித்துவிட்டார். மறுபடி எழுதினேன்.

போன வாரம் அந்தப் பெண் தங்கையை வகுப்பில் விட வந்திருந்தாள். காரைவிட்டு இறங்கவில்லை. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "உள்ள வாம்மா" என்றேன். "விடுவாங்களாக்கா?" என்று கேட்டாள். இந்த முறை விதி என்று சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன்.